காலநிலை மாற்றம்: காதில் விழுவதும் மனத்தில் பதிவதும்

காலநிலை மாற்றம் பற்றி நம் மக்களுக்கு எவ்வளவு தெரியும்? இந்தக் கேள்விக்கு 2022ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு சிந்திக்க வைக்கும் விடையைத் தருகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் நம் நாட்டின் சி-வோட்டர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கருத்துக்கணிப்பு அது. புவி வெப்பமயமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று 54 சதவீதம் பேர் கூறினர். பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு சிறு விளக்கம் தந்து, இப்படி நடப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டபோது 84 சதவீதம் பேர் ஆம் என்றனர்.

சொல் தெரியாதவர்களில் பலருக்கும் அது குறிக்கும் பொருள் தெரிந்திருக்கிறது. மழை தவறுவதையும், வெயில் ஏறுவதையும், கடல் கரையைத் தின்பதையும் அவர்கள் கண்ணால் காண்கிறார்கள். ஆனால் தாம் காண்பதற்குத் தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் விளக்கத்தையே பொருத்திக்கொள்கிறார்கள். அந்த விளக்கம் வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் தொழிலிலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் வருவது. சுருக்கமாகச் சொன்னால், பண்பாட்டிலிருந்து வருவது.

நம் மாணவர்கள் வகுப்பறைக்குள் வரும்போது இந்த விளக்கத்தையும் கொண்டுதான் வருகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் நடத்தும் பாடம் தேர்வுத்தாளோடு நின்றுவிடும். தெரிந்துகொண்டு தொடங்கினால் வீடுவரை செல்லும். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகவல் மட்டும் போதுமா?

மக்களுக்கு அறிவியல் தெரியாததால்தான் காலநிலை மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். இரு நாடுகளில் நடந்த ஆய்வுகள் இந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கின்றன.

முதலாவது அமெரிக்கா. டான் கஹான் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் சுமார் 1,500 பேரிடம் ஆய்வு செய்து 2012இல் முடிவை வெளியிட்டனர். அறிவியல் அறிவும் கணக்கிடும் திறனும் அதிகம் உள்ளவர்கள்தாம் காலநிலை மாற்றம் குறித்து அதிகம் கவலைப்படுவார்கள் என்று எதிர்பார்ப்போம். அப்படி நிகழவில்லை. அறிவியல் அறிவு கூடக் கூட, மாறுபட்ட சமூகக் குழுக்களைச் சேர்ந்தவர்களுக்கு இடையே இருந்த கருத்து இடைவெளிதான் கூடியது. ஒவ்வொருவரும் தம் குழுவின் நிலைப்பாட்டுக்குச் சான்று தேடவே தம் அறிவைப் பயன்படுத்தினர்.

இரண்டாவது நார்வே. காரி நார்கார்ட் என்ற சமூகவியலாளர் 2000-2001 குளிர்காலத்தில் அங்குள்ள ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்தார். அந்த ஆண்டு பனி மிகத் தாமதமாகப் பெய்தது. பனிச்சறுக்குத் தளத்தைச் செயற்கைப் பனி கொண்டு திறக்க வேண்டியிருந்தது. ஊர்மக்கள் நன்கு படித்தவர்கள். வெப்பமயமாதல் பற்றி அறிந்தவர்கள். ஆயினும் அன்றாடப் பேச்சில் அது இடம்பெறவில்லை. அதைப் பற்றிப் பேசினால் அச்சமும் குற்ற உணர்வும் வரும். எண்ணெய் வளத்தால் வாழும் நாடு என்ற சங்கடமும் உண்டு. ஆகவே அதைப் பேசாமல் இருப்பதே அவ்வூரின் வழக்கமாகிவிட்டது என்று அவர் 2011இல் வெளியிட்ட நூலில் விளக்குகிறார்.

அமெரிக்காவில் குழு அடையாளம் குறுக்கே நின்றது. நார்வேயில் பேச்சு வழக்கம் குறுக்கே நின்றது. நம் ஊர்களில் நிற்பது எது? அதை அறிய நாம் நம் மாணவர்களின் வீடுகளைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் உள்ள மூன்று விளக்கங்கள்

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஏறத்தாழச் சரிபாதி. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், "உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு வாருங்கள். மழையும் காற்றும் முன்பு போல இருக்கின்றனவா? இல்லையென்றால் ஏன்?" என்று ஆண்டுதோறும் சொல்லி அனுப்புகிறேன். முதல் கேள்விக்கு ஏறக்குறைய எல்லாரும் "இல்லை, மாறிவிட்டது" என்றே எழுதி வருவார்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, சுழற்சி. "அப்பப்ப இப்படி வரும் டீச்சர், அப்புறம் சரியாயிடும்னு தாத்தா சொன்னாங்க" என்பது இதன் வடிவம். நம் ஆண்டுக் கணக்கே சுழற்சிதான். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தை நம் மக்கள் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவு கூர்கிறார்கள். சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் வாசிக்கும்போது இந்த ஆண்டு எத்தனை மரக்கால் மழை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. மழை குறைவதும் பிறகு கூடுவதும் இயல்பு என்ற இந்த அறிவு அனுபவத்தில் விளைந்தது. அதில் உண்மையும் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் எல் நினோ போன்ற மாற்றங்களால் மழை ஆண்டுக்காண்டு ஏறி இறங்கவே செய்கிறது. தாது வருடப் பஞ்சத்துக்கும் ஒரு பெரிய எல் நினோ காரணமாக இருந்தது. ஆனால் சுழற்சியால் விளக்க முடியாத ஒன்று இப்போது நடக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றும் அந்த வாயுவில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கக்கூடியது. சக்கரம் சுழல்கிறது, அதோடு சக்கரம் நிற்கும் தரையும் உயர்கிறது. மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்கிறேன்.

இரண்டாம் வகை, அறம். "காலம் கெட்டுப்போச்சு, மனுசங்க சரியில்லை, அதான் மழை இல்லை" என்று பாட்டிகள் சொல்லி அனுப்புவார்கள். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்துவந்தது. மழைக்காகக் கோயிலில் சிறப்புப் பூசை, பள்ளிவாசலில் மழைத் தொழுகை, தேவாலயத்தில் செபம் என எல்லாச் சமயத்தவரும் வேண்டுகிறார்கள். இவற்றைக் கேலி செய்ய வகுப்பறை இடமன்று. இந்த நம்பிக்கையின் அடியில், மனிதர் செய்யும் செயலுக்கும் வானத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் இருக்கிறது. அந்தத் தொடர்பு உண்டு என்றே அறிவியலும் சொல்கிறது. எந்தச் செயல் என்பதில்தான் வேறுபாடு. நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதும் காடழிப்பதும் அந்தச் செயல்கள்.

இங்கே ஒரு நியாயக் கேள்வியும் எழுகிறது. ஓர் இந்தியரின் சராசரி கார்பன் டை ஆக்சைடு வெளியீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். ஓர் அமெரிக்கரின் சராசரி ஏறத்தாழ 14 டன். நம் மாணவரின் பாட்டி "மனுசங்க செஞ்ச தப்பு" என்று தம் ஊராரை நோகிறார். ஊராரின் பங்கோ மிகச் சிறியது. இந்த எண்களைப் பாட்டியிடம் கொண்டுபோய்ச் சொல்லச் சொன்னபோது, "செஞ்சவன் எங்கயோ இருக்கான், பட்டவ இங்க இருக்கேன்னு பாட்டி சொன்னாங்க டீச்சர்" என்று ஒரு மாணவி வந்து சொன்னாள். காலநிலை நீதி என்று உலக மாநாடுகளில் பேசப்படும் கருத்து அதுதான்.

மூன்றாம் வகை, பங்கீடு. டெல்டா விவசாயிகளைப் பொறுத்தவரை தண்ணீர்ப் பிரச்சினை என்றால் காவிரிப் பிரச்சினை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் கவலை. 2020இல் அந்தத் தேதியில் அணை திறக்கப்பட்டபோது, 8 ஆண்டுகளுக்குப் பின் உரிய நாளில் திறப்பு என்பதே செய்தியானது. தாமதத்துக்கு மாநிலங்களுக்கு இடையிலான நீர்ப் பகிர்வு, நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழை, சேமிப்பு எனப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதினால் விவசாயி நம்மை நம்பமாட்டார். நம்பாமல் இருப்பதும் சரியே.

இந்த மூன்று விளக்கங்களையும் நான் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக எழுதி, ஒவ்வொன்றிலும் எது சரி, எது போதாது என்று மாணவர்களையே பேச வைக்கிறேன். தம் வீட்டார் சொன்னது முழுவதும் தவறு என்று சொல்லப்படாததால் அவர்கள் தயங்காமல் பேசுகிறார்கள்.

சொற்களே தடையாகும்போது

பண்பாட்டின் முதல் வாசல் மொழி. காலநிலை மாற்றப் பாடத்தில் நாம் பயன்படுத்தும் சில சொற்கள் மாணவர் மனத்தில் வேறு பொருளைத் தோற்றுவிக்கின்றன.

பருவநிலை மாற்றம்: செய்தித்தாள்களில் அதிகம் வரும் சொல். நம் பேச்சில் பருவம் என்றால் கார்காலம், கோடைக்காலம் போன்றவை. பருவம் மாறுவது இயல்பானதுதானே? "வெயில் காலம் போய் மழைக்காலம் வருவதுதான் பருவநிலை மாற்றம்" என்று தேர்வில் எழுதும் மாணவர் சொல்லின் பொருளை உள்ளபடியே எடுத்துக்கொண்டிருக்கிறார். பாடநூல் வழக்கான காலநிலை மாற்றம் என்ற சொல்லையே தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாட்டையும் தெளிவாக்க வேண்டும். ஒரு மாணவர் ஒரு தேர்வில் பெற்ற மதிப்பெண் வானிலை. ஒரு பள்ளியின் 30 ஆண்டுத் தேர்ச்சி விழுக்காடு காலநிலை. வானிலையாளர்கள் காலநிலையைக் கணிக்க எடுத்துக்கொள்ளும் கால அளவும் 30 ஆண்டுகளே.

பசுமை இல்ல வாயு: பசுமை நல்ல சொல், இல்லமும் நல்ல சொல். இரண்டும் சேர்ந்தால் தீங்கு என்று மாணவர் எப்படி ஊகிப்பார்? குளிர்நாடுகளில் செடி வளர்க்கக் கண்ணாடி வீடு கட்டுவார்கள். அதைப் பார்த்திராத நம் மாணவருக்கு அந்த உவமை எட்டாது. போர்வை என்ற உவமை எட்டும். பூமிக்கு ஒரு மெல்லிய போர்வை தேவை. அது இல்லாவிட்டால் பூமி உறைந்துவிடும். நாம் அதைத் தடிப்பாக்கிக்கொண்டே போகிறோம். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் மூன்றாம் வகுப்பு மாணவரும் புரிந்துகொள்வார்.

வெப்பமயமாதல்: இச்சொல் வெயிலை மட்டுமே நினைவூட்டுகிறது. நம் பகுதி மக்கள் அஞ்சுவது வெயிலைவிட மழையையும் காற்றையும்தான். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. வெப்பம் கூடினால் பெருமழையும் கூட வாய்ப்புண்டு என்ற இந்தக் கண்ணியைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், "இவ்வளவு மழை பெய்யுதே, எங்கே டீச்சர் வெப்பமயமாதல்?" என்ற கேள்வி வரும்.

இவற்றோடு இரு குழப்பங்களையும் பிரித்துக்காட்ட வேண்டும். ஓசோன் படலத்தின் ஓட்டை வழியே வெயில் புகுவதால் பூமி சூடாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். ஓசோன் சிதைவு தனிப் பிரச்சினை; அதற்கு முதன்மைக் காரணமான வாயுக்களும் வேறு. எங்கள் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் புயல்களையும் "கடல் கோபம்" என்று ஒரே கணக்கில் வைக்கிறார்கள். சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம். அதற்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

படங்களும் மொழிதான். உருகும் பனிப்பாறை மேல் நிற்கும் வெண்கரடியின் படத்தைப் பல சுவரொட்டிகளில் பார்க்கிறோம். பாவம் என்று இரக்கம் வரும். ஆனால் பிரச்சினை எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்துள்ளது. இதை அளவுகோலில் காட்டி, "நம் கரையில் கடல் 20 செ.மீ. உயர்ந்தால் வாய்க்காலில் உப்புநீர் எதுவரை ஏறும்?" என்று கேட்டால் பேச்சு எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது.

எச்சரிக்கை எப்படிக் கேட்கப்படுகிறது?

பண்பாடும் செய்தியும் பொருந்தாமல் போவது உயிருக்கே ஆபத்தாவது புயல் எச்சரிக்கையில்தான். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எடுத்துக்கொள்வோம். வானொலி பரவாத காலத்தில், பகலில் கூம்பும் உருளையும் கொண்டும் இரவில் விளக்குகள் கொண்டும் கப்பல்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி அது. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எண் 1 என்றால் தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியுள்ளது, துறைமுகத்துக்கு உடனடிப் பாதிப்பு இல்லை என்று பொருள். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். "மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு" என்று எங்கள் மாணவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதன் பொருளைக் கேட்டால் ஒன்றிரண்டு பேர்தான் சொல்வார்கள்.

நிற எச்சரிக்கைகளிலும் இதே சிக்கல். மஞ்சள் நமக்கு மங்கல நிறம். மஞ்சள் எச்சரிக்கை என்றால் மனம் பதறுவதில்லை. சிவப்பு எச்சரிக்கை என்றால் மாணவருக்கு முதலில் நினைவு வருவது விடுமுறை. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற சொற்களும் வெறும் அழுத்தச் சொற்களாகவே காதில் விழுகின்றன. அவற்றுக்கு அளவு உண்டு: 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 செ.மீ. முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அதி கனமழையின் தொடக்க அளவைப்போல அது நான்கு மடங்குக்கும் மேல். அதற்கும் அதே சொல்தான்.

செய்தியை மக்கள் வழக்கத்தோடு பொருத்திய நல்ல முயற்சிகளும் நம் கடற்கரையில் உண்டு. 1990களின் இறுதியில் புதுச்சேரி அருகே வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்ப்புற அறிவு மையம் ஒன்றை நடத்தியது. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் அறிவித்தார்கள். திருவிழாவுக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் பழகிய ஒலிபெருக்கி வழியே, அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி தொழிலுக்குப் போகும் முன்பே மீனவரை எட்டியது. பாம்பனில் 2016 முதல் இயங்கிவரும் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களின் பேச்சுமொழியிலேயே கடலையும் வானிலையையும் பேசுகிறது.

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயல் மிக விரைவாக வலுப்பெற்றபோது, பல நாள் தொழிலுக்கு ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைபேசி அலை அவ்வளவு தூரம் போகாது. கரையில் தொலைக்காட்சி எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. யாருக்குச் செய்தியோ அவர் எங்கே இருப்பார், எதன் வழியே கேட்பார், எந்தச் சொல்லை நம்புவார் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் எச்சரிக்கை முழுமையாகும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

தொடக்க வகுப்புகளில் ஊர்ப் பருவ நாட்காட்டி ஒன்றைச் செய்யலாம். பெரிய அட்டையில் சித்திரை முதல் பங்குனி வரை 12 கட்டங்கள். எந்த மாதம் எந்தப் பயிர், எந்தப் பூ, எந்த மீன், எந்தத் திருவிழா என்று வீட்டில் கேட்டு வந்து படம் வரைந்து ஒட்ட வேண்டும். ஆடிப்பட்டம், ஆடிப்பெருக்கு, ஐப்பசி அடைமழை எல்லாம் அதில் வந்துவிடும். ஒவ்வொரு மாதமும், "சொன்னபடி நடந்ததா?" என்று பார்த்து ஒரு வண்ணப் பொட்டு வைக்கலாம். நான்கு திசையில் நின்று காற்றின் பெயரைச் சொல்லும் விளையாட்டும் நன்றாக இருக்கும். எங்கள் கரையில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு இருக்கலாம். அதையும் கேட்டு எழுதலாம்.

நடுநிலை வகுப்புகளில் மழைமானி செய்யலாம். பக்கங்கள் நேராக உள்ள பழைய பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்து, வெளியே அளவுகோல் ஒட்டினால் போதும். அடிப்பகுதி வளைவாக இருந்தால் அந்த வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழி எனக் குறிக்க வேண்டும். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 6 மீட்டருக்கு 6 மீட்டர் வகுப்பறையின் கூரையில் 95 செ.மீ. மழை பெய்தால் எத்தனை லிட்டர்? விடை 34,200. அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்குச் சற்றே குறைவு. கணக்கைத் தாமே போட்டபின் அதி கனமழை என்ற சொல் மாணவருக்கு வேறு மாதிரி ஒலிக்கும்.

உயர்நிலை வகுப்புகளில் பெரியவர்களை நேர்காணல் செய்யலாம். இதில் ஒரு நுட்பம் தேவை. "முன்பு நல்ல மழை பெய்ததா?" என்று கேட்டால் "ஆமாம், அந்தக் காலத்தில் அப்படிப் பெய்யும்" என்ற பதிலே கிடைக்கும். நினைவு பழையதை இனிமையாக்கும். ஆகவே நாள், நிகழ்வு சார்ந்த கேள்வி வேண்டும். சம்பாவுக்கு எந்த மாதம் நாற்று விட்டீர்கள்? எந்தத் தீபாவளிக்கு ஊர் நீரில் மிதந்தது? எந்த ஆண்டு வரை இந்தத் தோப்பில் நல்ல தண்ணீர் இருந்தது? எந்த மீன் இப்போது வலையில் விழுவதில்லை? பிறகு நோட்டில் மூன்று பத்திகள்: கண்டது, அளந்தது, காரணம். பெரியவர் சொன்னது முதல் பத்தியில். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட மழையளவு இரண்டாம் பத்தியில். மூன்றாம் பத்தியைக் கடைசியில், வகுப்பில் விவாதித்த பிறகே நிரப்ப வேண்டும். பெரியவர் நினைவும் அளவீடும் பொருந்தாத இடங்களே நல்ல விவாதத்தைத் தருகின்றன.

இன்னொரு பயிற்சி, செய்தி மாற்றம். உண்மையான ஒரு வானிலை அறிக்கையைக் கொடுத்து, "இதைப் படகுக்குப் புறப்படும் உன் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வாய்? நாற்று நடும் உன் அத்தையிடம் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்கலாம். அளவு மாறக்கூடாது, பொருள் மாறக்கூடாது, பேச்சு மட்டும் மாறலாம் என்பதே விதி. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த ஏற்ற பயிற்சி இது. சுற்றுச்சூழல் மன்றத்தின் கூட்டத்திலும் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

ஊர் வழக்கிலிருந்து தொடங்குவது என்றால் ஊர் சொல்வதை எல்லாம் ஏற்றுக்கொள்வது என்று பொருளாகாது. தொடங்கும் இடம் வழக்கு. முடிவு செய்வது அளவீடும் சான்றும்.

அறிவியலின் பெயரால் மிகைப்படுத்தவும் கூடாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் காலநிலை மாற்றத்தின் விளைவு என்று பலரும் மேடையில் சொல்கிறோம். பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று அந்த ஒருநாள் பெருமழையை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு, அதில் புவி வெப்பமயமாதலின் பங்கைத் தரவுகளில் பிரித்துக் காண முடியவில்லை என்றது. பொதுவான போக்கு ஒன்று; ஒரு தனி நிகழ்வுக்கான காரணம் வேறொன்று. இதைப் பத்தாம் வகுப்பு மாணவர் புரிந்துகொண்டால் அவர் அறிவியலின் முறையையே புரிந்துகொண்டார் எனலாம்.

தீர்வைச் சொல்லும்போதும் பண்பாட்டின் வலிமையைக் காணலாம். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம் அதே செய்தியை வேறு வகையில் சொன்னது. ஒரு காலத்தில் பட்டிக்காட்டுக்கு அடையாளமாகக் கேலி செய்யப்பட்ட கல்யாணத் தாம்பூலப் பையை அது பெருமைக்குரியதாக்கியது. இந்த வழி நமக்கு ஒரு பாடம். ஆனால் மஞ்சப்பை எடுப்பதும் மரம் நடுவதும் மட்டுமே காலநிலை மாற்றத்துக்குத் தீர்வு என்று மாணவர் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம், போக்குவரத்து, தொழிற்சாலை, விவசாயம் ஆகியவற்றில் வரும் மாற்றமே பெரிய மாற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

கடைசியாக, அச்சம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதித் தோப்புகளைச் சாய்த்ததை எங்கள் பிள்ளைகளின் குடும்பங்கள் இன்னும் பேசுகின்றன. அவர்களிடம் உலகம் அழியப்போகிறது என்ற தொனியில் பாடம் நடத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். பிள்ளை பயந்துபோகும், அல்லது நார்வேயின் அந்தச் சிற்றூரைப் போல, பேசாமல் இருந்துவிடப் பழகிக்கொள்ளும். ஒவ்வொரு ஆபத்தோடும் அதைக் குறைக்க யாரால் என்ன செய்ய முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பிள்ளை செய்யக்கூடியது, ஊராட்சி செய்யக்கூடியது, அரசு செய்யக்கூடியது, பணக்கார நாடுகள் செய்ய வேண்டியது.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊர் மலையூராக இருக்கலாம், மானாவாரிக் கரிசலாக இருக்கலாம், நகரத்துக் குடியிருப்பாக இருக்கலாம். அங்கும் வானத்தைப் பற்றிய பேச்சு ஏதோ ஒரு வடிவில் இருக்கும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் மாணவர் வழியே வீடுகளுக்கு அனுப்பிப் பாருங்கள். வரும் விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு பாடநூலைத் திறங்கள்.